சருகுமானும் சீறும் வால்வும்

ஒரு காட்டில் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளோடு ஒரு மலைப்பாதை இருந்தது. ஒரே ஒரு வண்டி போகிற அகலம்தான். எதிரெதிரே இரண்டு வண்டிகள் வந்துவிட்டால் ஏறுகிற வண்டிக்கு முதல் உரிமை, இறங்குகிற வண்டி பின்னால் போய் ஒதுங்க வேண்டும் என்று ஏழாவது வளைவில் ஒரு பலகை நட்டிருந்தார்கள். காட்டெருமைகள் அதில் முதுகு சொறிந்து சொறிந்து எழுத்தெல்லாம் அழிந்துபோயிற்று. அழிந்ததும் நல்லதுக்குத்தான். எழுத்து இருந்த காலத்திலும் அதை யாரும் மதித்ததில்லை. சட்டத்தை மீறிய பாவம்தான் எல்லார் தலையிலும் வீணாக ஏறிக்கொண்டிருந்தது. நடைமுறை வேறு. உருவத்தில் எவன் சின்னவனோ அவன் பின்னால் போக வேண்டும். அந்தக் காட்டில் வண்டி ஓட்டுகிறவர்களில் ஆகச் சின்னவன் வீரபாகு என்கிற சருகுமான்.

சருகுமானைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன். பார்த்திருக்க மாட்டீர்கள், அதுதான் விஷயமே. முயலைவிடக் கொஞ்சம் பெரிசு. கொம்பு கிடையாது, குச்சிக் கால்கள். ஆபத்து வந்தால் கத்தாது, கடிக்காது. காய்ந்த இலைகளுக்கு நடுவே அப்படியே அசையாமல் நின்றுவிடும். பார்க்கிறவர்களுக்கு இலைதான் தெரியும். இந்த ஒரு வித்தையை வைத்துக்கொண்டு அந்த இனம் தலைமுறை தலைமுறையாக உயிர் பிழைத்து வந்திருக்கிறது. அதே வித்தைதான் வீரபாகுவின் குடிக்கு உலை வைத்தது.

காட்டில் குடியிருப்புக் கணக்கெடுப்பு நடந்தது. ஒரு காக்கை நோட்டுப் புத்தகத்தோடு புதர் புதராக வந்தது. அத்திமரத்துக்குக் கீழே இருந்த புதரில்தான் வீரபாகு பிறந்தான்; அவனுடைய அப்பாவும் அங்கேதான் பிறந்தார். காக்கை வந்து, "வீட்ல யாரு?" என்று கேட்டது. அறியாத குரல் கேட்டதும் வீரபாகு வழக்கம்போல அசையாமல் நின்றுவிட்டான். காக்கை இடது பக்கம் பார்த்தது, வலது பக்கம் பார்த்தது. 'ஆள் இல்லை, காலி' என்று எழுதியது. மூன்றடி தூரத்தில் நின்றுகொண்டு, தான் இல்லை என்று எழுதப்படுவதை வீரபாகு கண் கொட்டாமல் பார்த்தான். அசைந்தால் ஆபத்து என்று உடம்பு சொன்னது. அவனும் உடம்பு சொன்னபடி கேட்டான்.

பத்து நாள் கழித்து அத்திமரத்தில் நோட்டீஸ் ஒட்டினார்கள். மேற்படி புதர் காலியாக இருப்பதால் பலவேசம் என்கிற காட்டுப்பன்றிக்கு ஒதுக்கப்படுகிறது. ஆட்சேபணை உள்ளவர்கள் பதினைந்து நாளுக்குள் மலை உச்சி அலுவலகத்தில் நேரில் படிவம் கொடுக்கலாம். நோட்டீஸில் பசை காயும் முன்பே பலவேசம் வந்து புதரைச் சுற்றி அளந்தான். வேரோடு கிண்டிப் போட்டுச் சேற்றுக்குழி வெட்டுவதாகத் திட்டம். அதையும் வீரபாகு மூன்றடி தூரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அன்றைக்கு முழுவதும் அவனுக்குத் தொண்டையில் ஒன்றும் இறங்கவில்லை. அந்தப் புதரை விட்டால் அவனுக்குப் போக்கிடம் கிடையாது.

மலை உச்சி அலுவலகம் என்பது ஒரு மரப்பொந்து. உள்ளே குமாஸ்தா இருவாச்சி அம்மாள். இருவாச்சிப் பறவையின் வழக்கம் தெரியுமல்லவா, முட்டையிட்டு அடைகாக்கப் பொந்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டு வாசலை மண்ணால் பூசி அடைத்துவிடும். அலகு நுழைகிற அளவுக்கு ஒரு கீறல் மட்டும்தான் மிச்சம். அந்தக் கீறல்தான் கவுண்டர். ஒரு நாளைக்குப் பத்து டோக்கன். பத்து முடிந்ததும் அலகு உள்ளே போய்விடும். வீட்டுக்காரர் பழம் கொண்டுவந்தால் மட்டும் மறுபடி வெளியே வரும்.

வீரபாகுவிடம் ஒரு சின்னச் சிவப்பு கார் இருந்தது. கோயில் பக்கம் குடிபெயர்ந்துவிட்ட ஒரு மந்தியிடம் வாங்கியது. டர்போ வைத்த பெட்ரோல் வண்டி, இழுவைக்குக் குறைவில்லை. அந்தப் பாதையில் அதைவிட வேகமாக ஏறக்கூடிய வண்டி வேறு கிடையாது. ஆனால் ஏற விட்டால்தானே. மூன்று வளைவு ஏறுவான். எதிரே காட்டெருமை மூங்கில் லாரியோடு இறங்கும். "ஏல சருகு, பின்னால எடு" என்று ஒரே வார்த்தை. இரண்டு வளைவு பின்னால் போவான். மறுபடி ஏறினால் யானை. அப்புறம் மிளாமான். ஒருநாள் ஓர் உடும்பு, சைக்கிளில் வந்தது, அதற்கும் ஒதுங்கினான். உச்சிக்குப் போய்ச் சேரும்போது வெயில் தலைக்கு மேலே இருக்கும். கீறலுக்குள்ளிருந்து குரல் வரும்: "டோக்கன் முடிஞ்சிட்டு. நாளைக்கு வா."

பதினொரு நாள் இப்படிப் போயிற்று. அந்தப் பாதையில் அவன் முன்னால் போன தூரத்தையும் பின்னால் போன தூரத்தையும் கூட்டிப் பார்த்தால் கடற்கரைக்கே போய் வந்திருக்கலாம். பன்னிரண்டாம் நாள் அவன் மலைக்குப் போகவில்லை. ஒர்க்ஷாப்புக்குப் போனான்.

ஒர்க்ஷாப் பிச்சையா அண்ணாச்சி ஒரு முள்ளம்பன்றி. ஸ்பானர், ஸ்க்ரூ டிரைவர், கட்டிங் பிளேயர் எல்லாவற்றையும் முதுகு முட்களில் செருகி வைத்திருப்பார். தேடுகிற வேலையே இல்லை. எஞ்சினில் கோளாறு பார்க்க முள் ஒன்றைப் பிடுங்குவார். ஒரு முனையை எஞ்சின் மேல் வைத்து, மறு முனையைக் காதில் வைத்துக்கொண்டு கேட்பார். கேட்டு முடித்து "உம்" என்பார். அந்த ஒரு "உம்"மைக் கேட்டதும் வண்டி வைத்திருக்கிற எல்லாரும் மடியில் இருக்கிற காசை எண்ணிப் பார்ப்பார்கள்.

"அண்ணாச்சி, வண்டிச் சத்தம் சரியில்ல" என்றான் வீரபாகு.

பிச்சையா முள்ளை வைத்துக் கேட்டார். "வண்டி ஜம்முன்னு இருக்கு வே. என்ன சரியில்ல?"

"ஜம்முன்னு இருக்கதுதான் கோளாறு. நான் வாரது ஒருத்தருக்கும் கேக்க மாட்டேங்கு. கேட்டாலும், இது நாந்தான்னு தெரிஞ்சிருது."

பிச்சையா பழைய ஆள்; எதையும் விளக்கிச் சொல்லாமல் கை வைக்க மாட்டார். பானெட்டைத் திறந்து ஒரு குழாயின் மேல் இருந்த குமிழைக் காட்டினார்.

"டர்போ காத்தை அமுக்கி எஞ்சினுக்குள்ள தள்ளுது, சரியா? நீரு ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்ததும் எஞ்சின் கதவு சாத்திரும். தள்ளின காத்து எங்க போவும்? இந்த வால்வு தொறந்து வெளிய விடும். சாப்பிட்ட பொறவு ஏப்பம் விடுதோம்லா, அதே கததான். இந்தா இருக்கு பாத்தீரா ஸ்க்ரூ, இதைத் திருப்பினா உள்ள ஸ்பிரிங் இறுகும், இல்ல தளரும். ஏப்பம் மாறும்."

"இப்ப இருக்கது எந்தச் சத்தம்?"

பிச்சையா ஆக்சிலேட்டரை மிதித்துவிட்டுக் காலை எடுத்தார். 'ச்சுக்' என்று கேட்டது. சருகுமான் தும்முவது போலவே இருந்தது. "சரியான அளவு இதுதான்" என்றார் பிச்சையா.

"பெறவு என்னத்துக்கு ஒருத்தன் ஒதுங்குவான்" என்றான் வீரபாகு.

பிச்சையா ஸ்க்ரூவை அரைச் சுற்று இறுக்கினார். 'துத்துத்துத்து' என்றது. "இது கௌதாரி. இதுக்கு ஒதுங்க மாட்டான், குழம்பு வைக்க வருவான். அதோட இப்படி ஓட்டினா போன காத்து திரும்பி வந்து டர்போ விசிறி இலைய அடிக்கும். ஆறு மாசத்துல டர்போ காலி." பழைய இடத்துக்குக் கொண்டுவந்து அங்கிருந்து கால் சுற்று தளர்த்தினார். 'புஸ்' என்றது. காட்டுப்பூனை. அரைச் சுற்று தளர்த்தினார். வெளியே காத்திருந்த கரடி எழுந்து போய்த் தன் வண்டியின் நாலு டயரையும் அமுக்கிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தது.

முக்கால் சுற்று தளர்த்தினார். காலை எடுத்ததும் 'ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் கிளம்பி, நின்றுவிடும் என்று நினைக்கும்போது இன்னும் கொஞ்சம் நீண்டது. கரடி மரத்தின் மேல் இருந்தது. எப்போது ஏறியது என்று யாரும் பார்க்கவில்லை. பிச்சையாவின் முட்கள் அத்தனையும் சிலிர்த்து, ஸ்பானரும் ஸ்க்ரூ டிரைவரும் கலகலவென்று தரையில் கொட்டின.

பிச்சையா மூச்சு வாங்கினார். "ராசநாகம்" என்றார்.

"இது போதும் அண்ணாச்சி."

"வே, சொல்லுததக் கேளும். இதுல பாதிக் காத்து வெளிய போயிரும். வண்டி இழுக்காது. சும்மா நிறுத்தி வச்சாலும் சீறிக்கிட்டே கெடக்கும். ஏத்தத்துல நத்தை உம்ம முந்தும்."

"இழுத்து எங்க அண்ணாச்சி போவ? பின்னாலதான போயிக்கிட்டு இருக்கேன்."

பிச்சையா தரையில் கிடந்த சாமான்களைப் பொறுக்க ஆரம்பித்தார்.

மறுநாள் வீரபாகு மலை ஏறினான். வண்டி உண்மையிலேயே நகர மறுத்தது. இறங்கித் தள்ளினால் இன்னும் சீக்கிரம் போகலாம் போலிருந்தது. நாலாவது வளைவில் மூங்கில் லாரி தெரிந்ததும் வீரபாகு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தான். 'ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்.' லாரி நின்றது. காட்டெருமை எட்டிப் பார்த்தது. வீரபாகுவின் தலை ஸ்டீயரிங்குக்கு மேலே தெரியாது. கண்ணாடிக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. இத்தனை நாள் அந்த வெறுமையைப் பார்த்துத்தான், சருகு வருகிறான் என்று அடையாளம் கண்டுகொண்டிருந்தது. இன்றைக்கு அதே வெறுமை வேறு மாதிரி தெரிந்தது.

"ஐயா வாங்க" என்றது காட்டெருமை. "ஏறுத வண்டிக்குத்தான் மொத உரிமை. சட்டம் எனக்குத் தெரியும்யா. ஏழாவது வளைவுல போர்டே இருக்கு."

மூங்கில் லாரி மூன்று வளைவு பின்னாலேயே போயிற்று. யானை, தான் ஓரமாக நின்று தழை தின்னத்தான் வந்ததாகச் சொல்லிக்கொண்டு ஓரமாக நின்றது. மிளாவைக் காணவே காணோம். அந்தப் பாதையின் வரலாற்றிலேயே ஆக மெதுவாக ஏறிய வண்டி, அன்றைக்குத்தான் டோக்கன் முடிவதற்குள் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தது.

கவுண்டரில் ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். வீரபாகு வண்டியை நிறுத்தினான். வண்டி சீறிக்கொண்டே நின்றது. வரிசை கரைந்துபோயிற்று. அவன் இறங்கிப் போய்க் கீறலுக்கு முன்னால் நின்றான். உள்ளே இருக்கிறவளுக்கு வெளியே எதுவும் தெரியாது, சத்தம் மட்டும்தான். முட்டையின் மேல் உட்கார்ந்திருக்கிற ஒரு பறவைக்கு அந்தச் சத்தம் எப்படி இருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"யா... யாருங்க?"

"நான் வீரபாகும்மா, புதர் விஷயமா வந்தேன்" என்றான் அவன், தன் சின்னக் குரலில்.

பெரிய இடத்து ஆட்கள் எப்போதும் மெதுவாகத்தான் பேசுவார்கள் என்று இருவாச்சி அம்மாளுக்குத் தெரியும். பேனா எடுக்கிற ஓசை கேட்டது. "எந்தப் புதருங்க? அத்திமரத்தடியா? ஐயாவோடதா அது? காலின்னு எழுதிட்டானே காக்காப் பய, நாசமாப் போவான். இந்தா ரத்து பண்ணிட்டேன். பேரு வீரபாகு. இனம்..." ஒரு நிமிடம் பேனா நின்றது. "ராசநாகம். போட்டுட்டேனுங்க. ஒரு வாரத்துல ஆய்வாளர் வந்து நேர்ல பாத்து ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்."

வீரபாகு வாயைத் திறந்தான். சருகுமான் என்று திருத்திச் சொல்லத்தான் திறந்தான். சுவரில் ஒட்டியிருந்த தாள் கண்ணில் பட்டது. சருகுமான் இனத்தவர் இணைக்க வேண்டிய ஆவணங்கள் என்று ஒன்பது வரிசையாகப் போட்டிருந்தது. ஏழாவது, கணக்கெடுப்பின்போது தான் வீட்டில் இருந்ததைக் கண்ணால் கண்ட இருவரின் உறுதிமொழி. ராஜநாகத்துக்கு எதுவும் கேட்கவில்லை. வீரபாகு வாயை மூடிக்கொண்டான். அந்தக் கணக்கெடுப்புக்குப் பிறகு முதல்முறையாக, அசையாமல் நின்றதால் அவனுக்கு ஒரு நன்மை நடந்தது.

இதோடு கதை முடிந்திருந்தால் நானும் நல்லதாக நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருப்பேன். ஆனால் ஆய்வுக்கு மூன்று நாள் இருக்கும்போது வண்டி படுத்துவிட்டது. காற்றுப் போதாமல் ஓடி ஓடி பிளக்கெல்லாம் கரி பிடித்துக் கிளம்பவே மாட்டேன் என்றது. பிச்சையா முள்ளை வைத்துக் கேட்டு "உம்" என்றார்.

"பிளக்கைத் தொடச்சு, ஸ்க்ரூவைப் பழைய எடத்துல வச்சா ஓடிரும்."

"சத்தம்?"

"பழைய தும்மல்தான்."

வீரபாகு யோசித்தான். வண்டி ஓடினால் புதர் போய்விடும். புதர் இருக்க வேண்டுமென்றால் சத்தம் இருக்க வேண்டும். "வால்வை மட்டும் கழட்டிக் குடுங்க அண்ணாச்சி" என்றான்.

பிச்சையா முப்பது வருஷமாக வண்டிகளைச் சத்தமில்லாமல் ஓட வைப்பதற்குப் பாடுபட்டவர். ஓடாத வண்டியின் சத்தத்தைத் தனியாகப் பார்சல் கட்டுவது அவருக்கு இதுதான் முதல் தடவை. பஞ்சர் கடையின் பழைய காற்று டேங்க் ஒன்றில் வால்வைப் பொருத்தி, காலால் மிதிக்கிற பம்பையும் ஒரு கம்பி விசையையும் இணைத்துக் கொடுத்தார். முக்கால் சுற்றில் துளியும் மாற்றமில்லை. கார் ஒர்க்ஷாப் ஓரத்தில் நாலு கல்லின் மேல் ஏறி உட்கார்ந்தது.

ஆய்வு நாளன்று வந்த ஆய்வாளர் ஒரு கீரி.

கீரி என்றதும், டேங்கும் பம்புமாகப் புதருக்குள் இருந்த வீரபாகு இலைக்குள் இன்னும் ஒடுங்கினான். பாம்பு என்றால் பாய்ந்து பிடரியைக் கவ்வுகிற சாதி. சத்தம் கேட்டதும் புதருக்குள் நேரே பாய்வான், உள்ளே பார்த்தால் பம்பை மிதித்துக்கொண்டு ஒரு சருகுமான். போதாததற்குப் பலவேசமும் கூடவே வந்திருந்தான்.

"சார், உள்ள இருக்கது சருகுமான்தான் சார்" என்றான் பலவேசம். "அவன் அப்பனையே எனக்குத் தெரியும்."

அந்தக் காட்டில் அன்றைக்கு உண்மை பேசியவன் அவன் ஒருத்தன்தான். வீரபாகு கண்ணை மூடிக்கொண்டு கம்பியை இழுத்தான். 'ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்.'

காலடி எதுவும் நெருங்கவில்லை. கண்ணைத் திறந்து இலை இடுக்கில் பார்த்தான். கீரி அறுபதடி தள்ளி ஒரு பாறைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது. பாட்டன் பிடித்த பாம்புகளின் பேரால் வேலைக்கு வந்து, பதினெட்டு வருஷமாகக் கோப்புகளை மட்டுமே கவ்விப் பழகிய கீரி அது. பாம்பை நேரில் பார்த்ததே இல்லை, இனிமேலும் பார்ப்பதாக உத்தேசம் இல்லை.

"ஓய் பலவேசம்" என்றது கீரி, குரல் நடுங்காமல் பார்த்துக்கொண்டு. "சருகுமான் இந்தப் புதர்ல இல்லன்னு கணக்கெடுப்புலயே எழுதியிருக்கு. காக்கா மூணடியில நின்னு பாத்து எழுதினது. அரசாங்கப் பதிவு பொய்யா, நீரு பொய்யா?"

அப்போது வீரபாகு இன்னொரு தரம் கம்பியை இழுத்தான். பலவேசம் பதில் சொல்ல அங்கே இல்லை. கீரி பாறைக்குப் பின்னால் உட்கார்ந்தபடியே எழுதியது: 'மனுதாரரை அருகில் சென்று நேரில் கண்டேன். ஆரோக்கியமாக உள்ளார்.'

புதர் வீரபாகுவுக்கு ஆயிற்று. அத்திமரத்தில் பெயர்ப் பலகையே மாட்டிவிட்டுப் போனார்கள்: வீரபாகு, ராஜநாகம். அன்றைக்கு அவனுக்கு நன்றாகச் சாப்பாடு இறங்கியது.

ஒரு குறை மட்டும் உண்டு. அத்திப்பழம் உதிர்கிற காலத்தில் அவனுடைய சொந்தக்காரர்கள் நாலைந்து பேர் மரத்தடிக்கு வந்து பொறுக்குவார்கள். அந்த வருஷம் வந்தார்கள், பலகையைப் பார்த்தார்கள், அப்படியே அசையாமல் நின்றார்கள், பிறகு ஒவ்வொரு அடியாகப் பின்னால் போனார்கள். "சித்தப்பா, நாந்தான்" என்று கூப்பிட வீரபாகுவுக்கு நாக்கு நுனி வரை வந்தது. பலவேசம் எங்கேயாவது நின்று கேட்டுக்கொண்டிருந்தால்? அவன் பேசாமல் கம்பியை இழுத்தான். சித்தப்பா ஓடியதை அவன் அதுவரை பார்த்ததே இல்லை. அது அவனுக்கு வலித்தது. இரண்டு நாள் வலித்தது. அப்புறம் பம்பை மிதிக்கிற வேலை இருந்தது.

மழை தொடங்கிய ஒரு காலையில் புதருக்கு வெளியே யாரோ தொண்டையைச் செருமினார்கள். வீரபாகு எட்டிப் பார்த்தான். பன்னிரண்டடி நீளத்துக்கு ஒரு ராஜநாகம். நிஜம்.

வீரபாகு வழக்கம்போல அசையாமல் நின்றான். கால் மட்டும் தானாகவே பம்பை மிதித்தது, வாய் கம்பியை இழுத்தது. 'ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்.'

ராஜநாகம் படத்தைச் சுருக்கித் தலையைத் தாழ்த்தியது.

"ஐயா, தொந்தரவுக்கு மன்னிக்கணும். மேல ஆபீஸ்ல என் புத்துக்குப் பதிவு கேட்டுப் போனேன். கவுண்டர்ல வச்சுச் சீறச் சொன்னாங்க, சீறினேன். சத்தம் பத்தாதுன்னுட்டாங்க. பதிவுல இருக்க ராசநாகச் சத்தம் இப்படி இருக்காதாம், நான் சாரைப்பாம்பா இருக்கலாமாம். நான் ராசநாகம்தான்னு ஐயா ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுத்தா ஆவும்னு சொல்லுதாங்க. பதினோரு நாளா நடக்கேன்யா. கெஞ்சிக் கேக்குதேன்."

பதினோரு நாள் என்றதும் வீரபாகு கம்பியை வாயிலிருந்து விட்டான். அந்தப் பதினோரு நாளும் எப்படி இருக்கும் என்று அவனைவிட அந்தக் காட்டில் யாருக்குத் தெரியும்? படிவத்தை உள்ளே தள்ளச் சொன்னான். மெதுவாகத்தான் சொன்னான். ராஜநாகம் படிவத்தை மரியாதையாக இலைக்கு அடியில் தள்ளிவிட்டு நகர்ந்து நின்றது.

வீரபாகு படிவத்தை இரண்டு தடவை படித்தான். நேரே கையெழுத்துப் போட்டிருக்கலாம். ஆனாலும் ஒரு பொறுப்பில் இருக்கிறவன் எதையும் விசாரிக்காமல் போடக் கூடாது என்று அவனுக்குத் தோன்றியது.

"ஒரு தரம் சீறிக் காட்டும்" என்றான்.

ராஜநாகம் முழு மூச்சையும் பிடித்துச் சீறியது. வீரபாகு காதைச் சாய்த்துக் கேட்டான்.

"உம்" என்றான். "சுமாராத்தான் இருக்கு. கீழ பிச்சையா அண்ணாச்சின்னு ஒருத்தரு இருக்காரு. நான் சொன்னேன்னு சொல்லி, முக்கால் சுத்து தளத்தி வைக்கச் சொல்லும். கையெழுத்தைப் பெறவு பாப்போம்."

நீதி: நீங்கள் யார் என்று நிரூபிக்க வேண்டுமானால், வேறு யாராகவாவது இருப்பது நல்லது, தாள் குறைவாகக் கேட்பார்கள். வண்டி இழுக்கவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். சத்தம் சரியாக இருந்தால் மற்றவர்கள் பின்னால் போய்க்கொள்வார்கள்.